பதினொன்றரைக்கு ஓர் அறிவித்தல்

சீதேவிப்பிள்ளையின் மகன் மதுரன் கத்தாரில் இறந்துபோன செய்தி பெரியகல்லாற்றில் உதயரூபனுக்குத்தான் முதலில் வந்தது. அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஊரில் எந்தச் சாவும் இப்போது அவனுக்குத்தான் முதலில் வருகிறது. சீதேவிப்பிள்ளையின் தம்பி நல்லரத்தினம் சுவிஸிலிருந்து மருமகனின் படத்தையும் பிறந்த திகதியையும் அனுப்பி, கட்டணத்தையும் கட்டிவிட்டுக் குரற்பதிவில் அழுதார். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். சுகமில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அக்காவின் மகள் தக்ஷாயினி புளியந்தீவிலிருந்து பஸ்ஸேறிப் பன்னிரண்டு மணிக்கு வந்து, பக்கத்தில் இருந்துதான் சொல்லுவாளாம். ஆனால் சுவிஸில் இருக்கிற சொந்தங்களுக்குக் காலையிலேயே தெரியவேண்டும் என்றார்.

உதயரூபன் தன் செயலியில் அந்த மரண அறிவித்தல் பதினொன்றரைக்குப் போக நேரம் வைத்தான். கை அப்படிப் பழகிவிட்டது. இங்கே பதினொன்றரை என்றால் அங்கே காலை எட்டு, சனம் இரயிலில் இருந்து போனைத் தடவுகிற நேரம். ஒரு சாவுக்கு மூவாயிரம் பேர் உள்ளே வருவார்கள், கீழே விளம்பரம் ஓடும்.

கொழும்பில் கம்பனி வேலையை உதறிவிட்டு வந்து 'கல்லாறு உறவுகள்' என்ற செயலியைச் செய்தபோது அவன் எண்ணம் வேறு. இறால் விலை, இரத்ததானம், கலியாணப் பொருத்தம், கோயில் திருவிழா நேரலை என்று என்னென்னவோ வைத்தான். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் சும்மா போட்டு வைத்த மரண அறிவித்தல்தான் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்கென்று தனியாக ஒரு மணிச்சத்தம் வைத்தான். மூன்று தரம் அடிக்கும். வருமானம் இரட்டித்தது. வீட்டுக்கு ஓடு மாற்றியதும் தங்கச்சிக்கு ஸ்கூட்டி எடுத்ததும் அந்த மணியில்தான். வெட்கமாக இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது இல்லை.

பத்தேமுக்காலுக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. சீதேவிப்பிள்ளை மாமியின் போனிலும் அந்தச் செயலி கிடக்கிறது. திருவிழா பார்க்கலாம் என்று ஆசைகாட்டி, வீடு வீடாக ஏறி இறங்கி எல்லாருக்கும் ஏற்றிக் கொடுத்தவனே அவன்தானே. எழுத்துப் பொடிசு என்று மாமி அதை வாசிப்பதில்லை. மணி கேட்டால் வேலிக்கு வந்து ஆரென்று விசாரிப்பாள், அவ்வளவுதான். ஆனால் மகனின் படத்தைப் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டுமா?

நிறுத்தலாம். ஒரு பொத்தான்தான். விரல் அதற்கு மேலே போய் நின்றது. ஆனால் போட்டிக்கு முகப்புத்தகத்தில் ஒருத்தன் சாவுப் பக்கம் நடத்துகிறான். பன்னிரண்டு வரை காத்திருந்தால் அவன் கொத்திக்கொண்டு போய்விடுவான். மாமியின் போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா? உதயரூபன் மோட்டார்சைக்கிளை எடுத்தான்.

அவள் வாசற்படியில் இருந்தாள், மடியில் போன். வாவிக்கரையில் இறால் வாங்கிச் சந்தையில் விற்கிறவள் இன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை. விடிய வாங்கின இறால் கூடையிலேயே கிடக்க, ஈ மொய்த்தது. போனில் ஒரு பிழை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று அவன் கையை நீட்டினான்.

"இப்ப வேணாம் மனெ. மதுரன் எடுப்பான். ராவையில இருந்து பாத்திட்டு இரிக்கன்."

"அரை மணித்தியாலந்தான் மாமி. இங்கதான் இரிப்பன்."

அவள் அவனை ஒருதரம் பார்த்தாள். பிறகு போனை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "அவன் எடுத்தா உடன தந்திரு. ரெண்டு தரம் அடிச்சும் எடுக்காட்டி வெச்சிருவான்."

ஆஸ்பத்திரியில் போன் வைத்திருக்க விடுவார்களா என்று கேட்டாள். விடுவார்கள் என்றான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளுடைய போனையும் தன்னுடையதையும் சத்தமில்லாமல் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வந்தவனுக்கு வெறும் வாயாகவா என்று அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி கூடிப்போயிருந்தது. சொல்லாமல் குடித்தான்.

பதினொன்றரைக்குச் சட்டைப்பை இரண்டு தரம் அதிர்ந்தது. அவள் கவனிக்கவில்லை. அப்பாடா என்று அவன் மூச்சு விட்டதும் வேலிக்கு அந்தப்பக்கம், புஸ்பத்தின் வீட்டில், மணி மூன்று தரம் அடித்தது. பிறகு பின்வளவில். பிறகு ஒழுங்கை முழுக்க, ஒரு வீடு விட்டு ஒரு வீடாக, வாவிக்கரை வரை போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் தான் எந்தக் கதிரையில் இருந்து ஏற்றிக் கொடுத்தான் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"ஆரோ மோசம் போயிட்டாங்க போல," என்றபடி சீதேவிப்பிள்ளை எழும்பி வேலியடிக்குப் போனாள். "புஸ்பம், ஆருகா அது?"

புஸ்பம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்துக்கொண்டே வெளியே வந்தாள். நிமிர்ந்தாள். வேலியில் நிற்பவளைக் கண்டாள். போன் பிடித்த கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"என்னகா, ஆரெண்டு கேக்கன்?"

புஸ்பம் ஓர் அடி பின்வாங்கினாள். அவளையே பார்த்துக்கொண்டு நின்ற சீதேவிப்பிள்ளை பிறகு உதயரூபன் பக்கம் திரும்பினாள். அவனுடைய சட்டைப்பையைப் பார்த்தாள்.

"என்ட போனைத் தா மனெ," என்று கையை நீட்டினாள்.