தண்ணீர் கலக்காத கிண்ணம்

பார்லரில் எல்லோருக்கும் அவள் கலர்க்காரி. நரைத்த தலை எது வந்தாலும் அவள் கைக்குத்தான் போகும். கொஞ்ச நாளாக அந்தக் கைக்குக் கெட்ட பெயர். பூசிய சாயம் இரண்டு குளியலுக்குக்கூடத் தாங்கவில்லை என்று வருகிறவர்களெல்லாம் முதலாளியம்மாவிடம் மூக்கால் அழுதார்கள்.

அன்றைக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அவளுடைய நாத்தனார். புருஷன் செத்த அன்று, "என் தம்பிய முழுங்கினவ இவதான்" என்று வாசலை மறித்து, கடைசியாக அவன் முகத்தைக்கூடப் பார்க்க விடாத மகராசி.

"அட, நீ இங்கயா இருக்க? நல்லதாப் போச்சு. நாளைக்கு மகளுக்குக் கல்யாணம். ஒத்த நரை தெரியக் கூடாது, பாத்துக்க."

"பாத்துக்கறேன் அண்ணி."

பின்னறைக்கு வந்து, சாயத்தோடு குழைக்கிற டெவலப்பர் பாட்டிலை எடுத்தாள். அதில் இருப்பது பன்னிரண்டு சதவீதப் பெராக்சைடு. அப்படியே தலையில் வைத்தால் தோல் வெந்துபோகும், முடி கொத்தாகக் கையோடு வரும். ஒரு கப் மருந்துக்கு ஒரு கப் தண்ணீர் சேர்த்தால் மருந்து கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது; மொத்த அளவுதான் இரட்டிப்பாகும். பன்னிரண்டு ஆறாகிவிடும். நரைக்கு அந்த ஆறுதான் சரி; அதற்கும் குறைந்தால் சாயம் நிற்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வாள்.

குழாய்க்குப் போன கை நின்றது. இவளுக்கு எதற்குத் தண்ணீர்? நாளைக்குச் சபை நடுவில் மொட்டைத் திட்டோடு நிற்கட்டும். பாட்டிலிலிருந்து நேராகக் கிண்ணத்தில் ஊற்றி, சாயத்தைக் குழைத்து எடுத்து வந்து, வேர்வரை அழுத்திப் பூசினாள்.

"எரியுதா அண்ணி?"

"இல்லியே. ஜில்லுனு இருக்கு."

கல்நெஞ்சக்காரிக்குத் தலையும் கல்தான் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் அலசிப் பார்த்தால், ஒரு முடி உதிரவில்லை. கருகருவென்று மின்னியது. நாத்தனார் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பூரித்துப்போனாள்.

கலர்க்காரி முதலாளியம்மாவைப் பின்னறைக்கு இழுத்துப் போனாள். "இந்த பாட்டிலை என்னம்மா பண்ணீங்க?"

"சீக்கிரம் தீந்துடுதேன்னு, கொஞ்ச நாளா வந்ததுமே பாதிக்குப் பாதி தண்ணி கலந்து வச்சிடறேன். ஏன், சொல்லலையா உன்கிட்ட?"

பாட்டிலிலேயே பன்னிரண்டு ஆறாகியிருந்தது. அது தெரியாமல் இவளும் சரிபாதி சேர்த்து, ஊரார் தலைக்கெல்லாம் மூன்றைப் பூசியிருக்கிறாள். யாருடைய தலை வேக வேண்டும் என்று நினைத்தாளோ, அவளுக்கு மட்டும் அச்சாக ஆறு! நல்லபடியாக வேலை செய்ததற்கு வசவு, கெடுக்கப் போன இடத்தில் பாராட்டு. இந்தக் கொடுமையை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

வெளியிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "ராசியான கைடி உனக்கு! இனிமே என் தலை உன் பொறுப்பு. அடுத்த மாசமும் வருவேன்."

கலர்க்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே பாட்டில்ல கைய வைக்காதீங்கம்மா," என்றாள் முதலாளியம்மாவிடம். "தண்ணி கலக்கறத நான் பாத்துக்கறேன்."

பிறகு வெளியே வந்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"அவசியம் வாங்க அண்ணி."