நான்காம் எண்ணில் நின்ற வண்டி

முற்றத்தில் குழந்தை வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் ஆறு இடங்கள் இருந்தன. சுவரில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டிருந்தது. ஐந்து வண்டிகளின் சொந்தக்காரக் குழந்தைகளையும் டாக்னிக்குத் தெரியும்; அழுகையை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடுவாள். நான்காம் எண்ணில் நின்ற வண்டி யாருடையது என்பது மட்டும் தெரியவில்லை.

பெரிய வண்டி. சாம்பல் நிறத் துணியால் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. துணிக்குக் கீழே கருநீல ஓரம் மட்டும் தெரிந்தது. அவள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து ஐந்து வருடம். அது ஓர் அங்குலம் நகர்ந்து அவள் பார்த்ததில்லை. எட்டு மாத வயிற்றோடு குனிய முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கினாள். கெட்டியாக இருந்தது. ஓடாத வண்டிக்கு யாரோ காற்றடித்துக்கொண்டிருக்கிறார்கள். போர்த்திய துணியை முகர்ந்தாள். சோப்பு வாசனை.

அங்கேயே வெகுநேரம் நின்றாள்.

முந்தின நாள் கடையில் கணவன் எஸ்கிலுக்கும் அவளுக்கும் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. எஸ்கில் ஒரு சின்ன மடக்கு ஸ்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இதப் பாரேன். ஒரே கையால மடக்கலாம்."

மடக்கிக் காட்டினான். இரண்டு கையும் ஒரு முட்டியும் தேவைப்பட்டது.

"ஒரு கைன்னு சொன்ன?"

"இன்னொரு கை சும்மா ஒத்தாசைக்கு."

"முட்டி?"

"முட்டியெல்லாம் கணக்குல சேக்க மாட்டாங்க."

கடையின் விற்பனைப் பெண் சிரிக்காமல் கேட்டாள். "எத்தனாவது மாடி?"

"நாலு. லிஃப்ட் இல்ல."

"கொட்டகையில இடம் இருக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப மொதல்ல அதப் பாத்துட்டு வாங்க. மெத்தை என்ன கலர்னு அப்புறம் யோசிக்கலாம்." டாக்னி கை வைத்திருந்த பெரிய வண்டியில் ஒரு சீட்டு ஒட்டினாள். "திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எடுத்து வைக்கிறேன். இந்த மாடல்ல இது ஒண்ணுதான் இருக்கு."

காரில் குழந்தையை உட்காரவைக்கும் கார் சீட் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே மனம். அவர்களிடம் கார் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் வீட்டுக்கு வர ஒன்று வேண்டும். எஸ்கிலின் அக்கா தன்னிடம் இருந்ததைத் தருவதாகச் சொன்னாள். அது எப்போதாவது விபத்தில் அடிபட்டதா என்று கேட்டதற்கு, "ஒரு தடவை லேசா இடிச்ச ஞாபகம். அது இந்த சீட்டா பழைய சீட்டான்னு தெரியல" என்றாள். கதை தெரியாத கார் சீட் வேண்டாம் என்று புதிதாகவே வாங்கிவிட்டார்கள்.

வண்டிதான் பாக்கி. மாடிப்படிக்குக் கீழே நிறுத்தத் தீயணைப்பு விதி இடம் கொடுக்காது. கொட்டகையில் இடம் கிடைத்தால் குழந்தை நீட்டிப் படுத்து உறங்கும் பெரிய வண்டி. கிடைக்காவிட்டால் எஸ்கிலின் முட்டி வண்டி. குழந்தை மதியத்தில் நாலாம் மாடி அறைக்குள் உறங்கும். டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரத்தில் அப்படி உறங்கும் குழந்தையை டாக்னி பார்த்ததில்லை. எல்லாம் பனியானாலும் மழையானாலும் வாசலில், மரத்தடியில், இறகுப் போர்வைக்குள் மூக்கு மட்டும் சிவக்கத்தான் உறங்கும்.

ஊர் வழக்கத்துக்காக மட்டும் அவள் அதை விரும்பவில்லை. நூலகத்தின் விசாரணை மேசையில் நாளெல்லாம் பதில் சொல்கிறவள் அவள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை குழந்தை கீழே முற்றத்தில். தான் மேலே ஜன்னலோரம். அறையில் யாருடைய மூச்சும் இல்லை. அந்த இரண்டு மணி நேர மௌனம் இருந்தால் தாய்மையைச் சமாளித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் என்ன ஆவோம் என்பது தெரியவில்லை. இதை எஸ்கிலிடம்கூட அவள் சொன்னதில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஃப்ளெமிங் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர் யாரோடது?" என்றாள்.

அவர் கையைத் துடைத்தார். முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"அது வேணாம் டாக்னி."

"ஏன்?"

"ரெண்டாவது மாடி. பிரேபென், கிர்ஸ்டன்." அதற்கு மேல் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"அவங்களுக்குத்தான் குழந்தையே இல்லயே."

"அதான்."

டாக்னி கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இதெல்லாம் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லணுமா? நான் தலைவரா வந்து பத்து வருஷம். யாரும் கேட்டதில்ல. காத்துல துணி பறக்கும்போதெல்லாம் நான்தான் கயித்த இறுக்கிக் கட்டுவேன். வேற என்ன செய்ய முடியும் நம்மளால?"

"காத்தடிக்கிறது யாரு?"

"அவங்களாத்தான் இருக்கும்," என்று ஃப்ளெமிங் பெருமூச்சு விட்டார்.

அன்று மாலை அதை எஸ்கிலிடம் சொன்னபோது அவன் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ரை ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"விட்டுடு. முட்டி வண்டியே வாங்கிக்கலாம். குழந்தையைப் பறிகொடுத்தவங்ககிட்டப் போய் எடத்தக் காலி பண்ணுங்கன்னு யாராவது கேப்பாங்களா?"

"பறிகொடுத்தாங்கன்னு யாரு சொன்னா?"

"நீதான இப்பச் சொன்ன?"

"நான் சொன்னது ஃப்ளெமிங் புருவத்தத் தூக்கினாருன்னு."

"நூலகத்துல இருந்து உன்ன உளவுத்துறைக்கு மாத்திட்டாங்களா?"

கேட்டால் ஒரு புண்ணைக் கிளறியவளாவாள். கேட்காவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் டயரின் காற்று அவளை விடாமல் குடைந்துகொண்டே இருந்தது. இரவில் புரண்டு படுக்க ஒவ்வொரு முறை எழும்போதும் அதையே நினைத்தாள். துக்கத்தை யாராவது சைக்கிள் பம்ப்பால் பராமரிப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாடி யூட்டெயின் கதவைத் தட்டினாள். யூட்டெக்கு எழுபது வயது. தனியாக இருக்கிறாள். இருபது வருடமாக அந்தக் கட்டடத்தில் இருப்பவள்.

"வா பொண்ணே. ஐயோ, வயிறு எறங்கிடுச்சே! உக்காரு, உக்காந்தா எந்திரிக்க முடியுமா?"

"முடியாது. நிக்கிறேன். நாலாம் நம்பர் வண்டியப் பத்தி..."

யூட்டெ கதவைச் சாத்தினாள். "பொண் குழந்தைன்னு நெனைக்கிறேன்," என்றாள் மெதுவாக.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கிர்ஸ்டன் மூஞ்சியப் பாத்தா பொண்ணாத்தான் இருந்திருக்கும். பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவங்க குடிவந்த அதே வாரம்தான் அந்த வண்டி கொட்டகைக்கு வந்துச்சு. அன்னிக்கு மழை. நனஞ்சு நின்னுச்சு, நான்தான் தொடச்சு வெச்சேன். அப்புறம் ஒரு குழந்தையையும் காணோம். நான் புரிஞ்சுக்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மார்ச் மாசம் சைக்கிளுக்குக் காத்தடிக்கிறப்ப அதுக்கும் அடிச்சுடுவேன். அவங்களுக்கு அதத் தொட மனசு வராதில்ல?"

"காத்தடிக்கிறது நீங்களா?"

"மூச்சு விட்டுடாத. ஆனா பாரு, துணிய மட்டும் அவங்களே துவைக்கிறாங்க. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வெளுத்து, மடிப்புக் கலையாம இருக்கும். என்னால அதப் பாக்க முடியாது."

டாக்னி படியில் நின்றாள். மேலே போனால் இரண்டாவது மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, விளக்கு தானாக அணையும் வரை நின்றாள். பிறகு ஏறினாள்.

பிரேபென் கதவைத் திறந்தார். உயரமானவர், காலுறையோடு நின்றார். பின்னால் கிர்ஸ்டன். உள்ளே கடிகாரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள். மூவரும் குடித்தார்கள். யாரும் எதையும் தொடங்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் டாக்னி இந்த வீட்டை மிகவும் ரசித்திருப்பாள்.

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "வருத்தமா இருந்தா பதில் சொல்ல வேணாம். நான் போயிடுறேன். கொட்டகையில இருக்கிற நாலாம் நம்பர் வண்டி..."

கிர்ஸ்டன் கோப்பையைக் கீழே வைத்தாள். கணவனைப் பார்த்தாள்.

"நாங்களும் அதப் பத்தி எத்தனையோ நாள் பேசியிருக்கோம்," என்றாள். "பாவம்."

"பாவம்," என்றார் பிரேபென்.

டாக்னிக்கு மயிர்க்கூச்செடுத்தது. "யாரு பாவம்?"

"யூட்டெதான்."

"யூட்டெயா?"

"அவங்க வண்டிதானே? நாங்க சாமான் எறக்கின அன்னிக்கு, மழையில அதத் தொடச்சுக்கிட்டு நின்னாங்க. தனி ஆளு. குழந்தை குட்டின்னு யாரும் வந்து பாத்ததில்ல. என்னவோ நடந்திருக்கு, நம்ம கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டோம்." கிர்ஸ்டன் தயங்கினாள். "துணிய மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்துட்டு வந்து துவைச்சுப் போட்டுடுவேன். அவங்க ஊர்ல இல்லாதப்ப."

டாக்னி வயிற்றில் கை வைத்தாள். உள்ளே குழந்தை உதைத்தது.

"யூட்டெ அது உங்களோடதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க," என்றாள். "ஃப்ளெமிங்கும்தான். எல்லாரும்தான்."

பிரேபெனின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"எங்களோடதா? எங்களுக்குக் குழந்தையே வேணாம்னு கல்யாணத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டோமே. ரெண்டு பேருக்கும் சத்தம் ஆகாது."

"பிரேபென்," என்றாள் கிர்ஸ்டன், "அதனாலதான் நம்மளப் பாத்தா எல்லாரும் மெதுவாப் பேசுறாங்களா?"

"நான் ரொம்ப மரியாதையான கட்டடம்னுல்ல நெனச்சேன்!"

கிர்ஸ்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள்.

அன்று முற்றத்தைச் சுத்தம் செய்யும் நாள். குளிர்காலத்தில் உதிர்ந்த இலையை வார மதியம் எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள். டாக்னி சொல்லச் சொல்ல ஃப்ளெமிங்கின் காது சிவந்தது. யூட்டெ கிர்ஸ்டனைப் பார்த்து, "உனக்கு ஒரு பொண்ணு இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

பிரேபென்தான் கயிற்றை அவிழ்த்தார். துணியை எடுத்தார்கள். வண்டியின் மேல்மூடியை விலக்கி மெத்தையைத் தூக்கினால், அடியில் ஓர் அட்டை. பெர்னில்லெ என்ற பெயர், இரண்டாவது மாடி, தொலைபேசி எண்.

"முன்ன உங்க வீட்ல குடியிருந்தவ!" என்றாள் யூட்டெ. "நீங்க வந்த வாரம் காலி பண்ணினவ! குழந்தை வளந்ததும் வண்டிய நெலவறையில போட்டுட்டா, எனக்கு அது மறந்தே போச்சு!"

"கிர்ஸ்டன், நீங்க வருஷா வருஷம் துணிய எடுத்தீங்களே," என்றான் எஸ்கில். "உள்ள ஒரு தடவகூடப் பாக்கலயா?"

கிர்ஸ்டன் அவனை விநோதமாகப் பார்த்தாள். "அடுத்தவங்க வண்டிக்குள்ள எப்படிப் பாக்குறது?"

டாக்னி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மணி அடித்தது.

"அது இன்னுமா இருக்கு?" என்றது மறுமுனை. "எடுத்துட்டுப் போக ஒருத்தர் வரேன்னாரே, வரலயா? யாரும் கூப்பிடலயே, அதனால போயிடுச்சுன்னு நெனச்சேன். அதுல தூங்கினவன் இப்ப என்னவிட உசரம். வேணும்னா வெச்சுக்கோங்க, இல்லன்னா தூக்கிப் போடுங்க."

ஃப்ளெமிங் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சங்க நோட்டில் நான்காம் எண்ணுக்கு நேரே டாக்னியின் பெயரை எழுதினார். குப்பை லாரி செவ்வாய்க்கிழமை வரும் என்றார். யாரும் நகரவில்லை. பன்னிரண்டு வருடம் காற்றடித்தவளும் துணி துவைத்தவளும் கயிறு கட்டியவரும் வண்டியைப் பார்த்தபடி நின்றார்கள். டாக்னி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"பிரேக் பிடிக்குதா?" என்றாள்.

எஸ்கில் மிதித்துப் பார்த்தான். பிடித்தது. தள்ளினான், சத்தமே இல்லாமல் உருண்டது. ஸ்பிரிங்குகளை அசைத்தான், சட்டத்தில் விரிசல் தேடினான், பூனை ஏறாமல் மேலே கட்டும் வலைக்குக் கொக்கிகள் இருக்கின்றனவா என்று எண்ணினான். இடுப்புப் பட்டை இற்றுப்போயிருந்தது. மெத்தையும் வேண்டாம். இரண்டையும் புதிதாக வாங்கிவிடலாம்.

"கார் சீட் புதுசு, வண்டி பழசா?" என்றான் அவள் காதருகே.

"இதோட கதை முழுக்கத் தெரியும். டென்மார்க்லயே இவ்வளவு பத்திரமா வெச்ச வண்டி வேற இருக்காது."

கடைக்குப் போன் செய்து அந்த ஒற்றை வண்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு எஸ்கில் நாலு கிலோ உருளைக்கிழங்கை இறகுப் போர்வையில் சுற்றி வண்டியில் படுக்கவைத்து மரத்தடியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். ஒத்திகையாம். குழந்தை அழுதால் கேட்கும் கருவியை டாக்னி ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறையில் யாருடைய மூச்சும் இல்லை. அவள் கேட்டது இதுதான், கிடைத்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தாள்.

முதல் பக்கம் முடிவதற்குள் கீழே கிர்ஸ்டன் வந்தாள். போர்வையைச் சரிசெய்தாள். யூட்டெ வந்தாள், வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிரேபென் ஒரு நாற்காலியோடு வந்தார். மூவரும் உருளைக்கிழங்கின் மேல் குனிந்து, கையை ஆட்டி ஆட்டி எதையோ பேசினார்கள். இவ்வளவு நாள் ஒருவருக்கொருவர் காலை வணக்கத்துக்கு மேல் பேசாதவர்கள். கருவியில் துணி உரசும் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்டன, வார்த்தைகள் விளங்கவில்லை. டாக்னி ஒலியைக் கூட்டிப் பார்த்தாள். காதை ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

என்னதான் பேசுகிறார்கள்?

மணி ஒன்று பதினைந்து. இன்னும் ஒன்றே முக்கால் மணி நேர மௌனம் அவளுக்கென்று முழுதாக மிச்சம் இருந்தது. அவள் புத்தகத்தை மூடினாள். ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கத் தொடங்கினாள்.