பலாப்பழம் வாங்கிய கை

அந்த மாவட்டத்தில் அரசு ஊழியர் என்றால் அவருடைய வலது கை மட்டும்தான். சம்பளம், விடுப்பு, இடமாற்றம், ஓய்வு எல்லாம் கைக்கு. மீதி உடம்பு பொதுமக்கள். ஒரு கை தப்புத்தண்டா செய்தால், அதன் மேலதிகாரி கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுக்காமல் யாரும் அதை விசாரிக்க முடியாது. பொதுமக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எப்போது வேண்டுமானாலும் பிடித்து உள்ளே வைக்கலாம்.

ஆதிமூலம் லஞ்ச ஒழிப்புப் பிரிவில் இன்ஸ்பெக்டர். ஊரில் வாங்குகிற கைகளையெல்லாம் பிடிக்கிற கை அவருடையது. அப்பேர்ப்பட்ட கை ஒருநாள், சர்வேயர் கையின் மேல் வந்த புகாரைக் கிடப்பில் போடுவதற்காக, அந்தக் கையிடமிருந்தே ஒரு பலாப்பழம் வாங்கிவிட்டது. நல்ல பழம். தேன் மாதிரி இருந்தது என்று ஆதிமூலமே ஒப்புக்கொண்டார். தின்பது குற்றமில்லை, வாங்குவதுதான் குற்றம் என்பதால் வாயின் மேல் வழக்கில்லை.

மகள் பொற்கொடி ஒரு சுளையை எடுத்து, பழம் ஏது என்று கேட்டாள்.

"கை வாங்கிட்டு வந்திருக்கு. எனக்கென்னம்மா தெரியும்?"

அவள் சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அடுத்த வாரம் என்னைத் தாரை வார்த்துக் குடுக்கப்போற கைப்பா இது. விசாரிச்சு முடிக்காம அது என் கல்யாணத்துக்கு வரக் கூடாது."

"இடது கையால தாரை வார்த்தா ஊரே காறித் துப்பும்மா."

"அப்ப விசாரிங்க."

தாயில்லாமல் வளர்த்த பெண். அவள் பேச்சை ஆதிமூலத்தால் தட்ட முடியாது. அன்றைக்கே டி.எஸ்.பி. திருவேங்கடத்தைப் போய்ப் பார்த்தார். டி.எஸ்.பி.யின் வலது சட்டைக்கை காலியாக மடித்துப் பின் குத்தியிருந்தது. அவருடைய கை பயிற்சிக்காக வடக்கே போயிருந்தது.

"தாராளமா விசாரிய்யா. நான் எதுக்கு வேணாங்கப்போறேன்?" என்றார் டி.எஸ்.பி. "ஆனா இதைச் சொல்றது வாய். வாய் பொதுமக்கள்தானே? கையெழுத்து இல்லாம செல்லாதுய்யா."

"கை எப்ப திரும்பி வருதுங்கய்யா?"

"அந்த ஊர்க் குளிர் அதுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். நீட்டிப்பு கேட்டிருக்கு."

வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டார்கள். வாழைமரம் கட்டினார்கள். பொற்கொடி அப்பாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோற்றைப் போடுவாள், எதிரே நிற்க மாட்டாள். ஆதிமூலம் தட்டின் முன்னால் உட்கார்ந்து தன் கையை முறைத்துப் பார்ப்பார். அது பாட்டுக்குச் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருக்கும்.

"சர்வீஸ் பூரா ஊரான் கையையே பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். என் தோள்ல தொங்குறதைப் பிடிக்கத் துப்பில்லை. எனக்கெல்லாம் ஒரு தொப்பி, அதுக்கு நாலு பேர் சல்யூட்!" என்று தன்னையே வைதுகொள்வார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொள்வார். பசி என்னவோ குறையவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் அவரால் பொறுக்க முடியவில்லை. ஆபீசுக்குப் போய் ஏட்டு சூசையைக் கூப்பிட்டார்.

"சூசை, எழுதிக்கய்யா. கை செவனேன்னுதான் கிடந்துச்சு. வாசனை ஏறினது என் மூக்குல. ஆசைப்பட்டது நான். வாங்குடான்னு சொன்னதும் நான்தான்."

சூசை எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "அப்ப கை மேல குத்தமில்லீங்கய்யா. சொன்னதைச் செஞ்சிருக்கு. லஞ்சம் வாங்கினது பொதுமக்கள்ல ஒருத்தரு. அனுமதியே வேண்டியதில்லை."

"ஆமாய்யா," என்றார் ஆதிமூலம்.

அவருடைய வலது கை எழுந்தது. சட்டைப்பையைச் சோதனை போட்டது. இடது கையில் விலங்கை மாட்டி, அதை லாக்கப் கம்பியோடு சேர்த்துப் பூட்டியது. வாக்குமூலத்தில் இன்ஸ்பெக்டர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோளிலிருந்து கழன்று வெளியே போனது.

மறுநாள் கை குளித்து, மணிக்கட்டில் சரிகைத் துண்டைச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போயிற்று. சொம்பைப் பிடித்துத் தண்ணீர் விட்டு, பெண்ணை முறைப்படி தாரை வார்த்துக் கொடுத்தது. அட்சதையும் அதுவே போட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

மண்டபம் பக்கத்துத் தெருதான். கெட்டிமேளம் லாக்கப்புக்குள் நன்றாகக் கேட்டது. "பாவி, ஒரு பழத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு, பெத்த பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதைப் பார்க்காமப் போனேனே," என்று ஆதிமூலம் வாய்விட்டு அழுதார். பொதுமக்கள் அழுவதற்குத் தடையில்லை என்பதால் சூசை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் அடங்கிக் கொஞ்ச நேரத்தில், மருதாணி போட்ட ஒரு வலது கை ஆபீசுக்குள் வந்தது. பொற்கொடி அந்த மாதம்தான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். அவள் பந்தி விசாரித்துக்கொண்டிருக்க, கை மட்டும் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தது. சூசை எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த லட்டைக் கை பெஞ்சின் மேல் வைத்தது. பிறகு ஆதிமூலத்தின் காதைப் பிடித்து, வகுப்பில் திருகுகிற மாதிரியே நன்றாகத் திருகியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். திருகி முடித்ததும் லட்டைப் பிட்டு அவர் வாயில் ஊட்டியது. அவருக்கு விக்கிக்கொண்டது. கை ஊட்டுவதை நிறுத்திவிட்டு, அவர் உச்சந்தலையில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தது.