சித்திரையில் கம்பளி

சித்திரை மாதத்து ஆம்பூரில் காக்கைகூட நிழல் பார்த்துத்தான் உட்காரும். அந்த வெயிலில் பட்டம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவள் புருஷன் ஆதிகேசவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பேச ஆரம்பித்தால் தோல் மண்டியில் சங்கு ஊதுவதுகூடக் காதில் விழாது. இப்போதோ ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் நிதானமாக வெற்றிலை மடித்துப் போட்டு மென்று துப்பிய பிறகுதான் அவளிடமிருந்து பதில் வந்தது. அதுவும் ஆண்பிள்ளைக் குரல்போல் கரகரவென்று வந்தது. முகம் ஊதி, இமை தொங்கி, புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்திருந்தன. சோறு தீய்ந்தாலும் பானையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஆதிகேசவனின் அக்காள் கோவிந்தம்மாள் காவேரிப்பாக்கத்திலிருந்து வந்து இதையெல்லாம் பார்த்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பட்டம்மாளை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இவளுக்கு மந்தம் புடிச்சிருக்குடா கேசவா. எங்க ஊர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். வைகாசிக் கடைசியில வர்றேன், பேசி முடிச்சிடலாம்."

ஆதிகேசவன் தோல் பதனிடும் அந்த மண்டியில் மேஸ்திரி. தோல் ஊறும் தொட்டிகளைச் சுற்றி நிற்கும் ஆட்களை ஒரு அதட்டலில் ஆட்டி வைப்பவன். ஆனால் அக்காள் முன்னால் அவனுக்கு நாக்கு எழும்பாது. வைகாசிக்குள் பட்டம்மாள் பழையபடி ஆகிவிட்டால், தான் வாயே திறக்க வேண்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. மறுநாளே அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனான். அங்கே டாக்டர் கமலம், வேலூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து, சின்ன டிஸ்பென்சரி வைத்திருந்தார்.

எதையும் செய்து காட்டாமல் விடுகிற வழக்கம் கமலத்துக்கு இல்லை. வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி விழவில்லை. தண்ணீர் கோத்த வீக்கமாயிருந்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும், இங்கே தோலுக்கடியில் சேர்ந்திருப்பது பிசின் மாதிரி வேறொன்று என்றார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினார். அது வெள்ளையாகத் திரியாததால் சிறுநீரகத்தின்மேல் இருந்த சந்தேகமும் போயிற்று. நாடி மாட்டுவண்டி போல நடந்தது.

அப்புறம் பட்டம்மாளை நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, தொங்கிய பாதத்தில் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் அசைந்தது. திரும்பி வருவதற்கு மட்டும் யோசித்து யோசித்து வந்தது. வித்தியாசம் தெரியவேண்டும் என்று மேஸ்திரியையும் முட்டி போட வைத்துத் தட்டினார். அவன் பாதம் போன வேகத்திலேயே திரும்பிவிட்டது.

கழுத்தில், மூச்சுக்குழாயைக் கட்டிக்கொண்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல ஒரு சுரப்பி இருக்கிறதாம். தைராய்டு என்று பேர். அது ரத்தத்தில் கசியவிடும் சாறுதான் உடம்பு என்கிற அடுப்புக்கு ஊதுகுழல். ஊதுகுழல் ஓய்ந்துவிட்டால் நெருப்பு அணைந்துவிடாது, ஆனால் மங்கிப்போகும். உடம்பு குளிரும், குரல் தடிக்கும், நெஞ்சும் நினைப்பும் மெதுவாக ஓடும். பட்டம்மாளுக்கு மந்தமுமில்லை, யாரும் சூனியம் ஏவிவிட்டதுமில்லை. ஆட்டின் கழுத்திலிருக்கும் அதே சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரை லண்டனிலிருந்து வருகிறது, அதைச் சாப்பிட்டால் போதும் என்றார் கமலம்.

பட்டம்மாள் வெகுநேரம் அவரையே பார்த்தாள்.

"நம்மூர் ஆட்டுத்தோலு சீமைக்குப் போவுது," என்றாள் கடைசியில். "சீமை ஆட்டுத் தொண்ட எனக்கு வருதா?"

அவள் வேடிக்கையாக ஒன்று பேசிக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தினம் கால் மாத்திரை கொடுக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துத் தானே அளவை ஏற்றுவேன் என்று சொல்லி அனுப்பினார் கமலம். ஒரு வாரம் போனது. கம்பளி இறங்கவில்லை. வைகாசியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கால் மாத்திரைக்கே குணமாகும் என்றால் முழு மாத்திரைக்கு எவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று மேஸ்திரி நினைத்தான். முழுசாகக் கொடுத்தான். அப்புறம் இரண்டாகக் கொடுத்தான்.

சில நாளில் பட்டம்மாள் கம்பளியைத் தூக்கி எறிந்தாள். நெற்றியில் வியர்வை பூத்தது. அவன் பூரித்துப்போனான். அடுத்த நாள் காலையில் அவள் கை நடுங்கியது. நெஞ்சுக்குள் ரயில் ஓடுகிறது என்று மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆதிகேசவன் ஜட்கா பிடித்து அவளை அழைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினான். எத்தனை கொடுத்தான் என்பதை மறைக்கவில்லை.

கமலம் அவளைப் படுக்க வைத்தார். நாடி அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, அவனிடம் திரும்பினார்.

"புதுத் தோலை முதல்ல எந்தத் தொட்டியில போடுவீங்க?"

"பழைய ஆவாரம்பட்டைத் தண்ணியில, டாக்டரம்மா. சத்து போன தண்ணி."

"நல்லா ஊறின புதுத் தண்ணியில போட்டா சீக்கிரம் பதமாகுமே?"

"ஆவாதும்மா. மேல இறுகிப்பூடும். உள்ள பச்சையாவே நிக்கும். ஒவ்வொரு தொட்டியாத்தான்..." அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இரண்டு வருஷமாக மெதுவாக ஓடிப் பழகிய நெஞ்சை ஒரே நாளில் விரட்டினால் அது தாங்காது, ஒவ்வொரு தொட்டியாகத்தான் போகவேண்டும் என்றார் கமலம். மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, மறுபடி கால் மாத்திரையிலிருந்து ஆரம்பித்தார். மாத்திரைச் சீசாவை இந்த முறை பட்டம்மாளின் கையிலேயே கொடுத்தார்.

வைகாசிக் கடைசியில் கோவிந்தம்மாள் வந்து இறங்கினாள். பட்டம்மாள் பாதிதான் தேறியிருந்தாள். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது, புருவம் இன்னும் முளைக்கவில்லை. ஆதிகேசவன் போட்ட கணக்கு தப்பிப்போயிற்று. வாய் திறக்காமல் தீராது.

அக்காள் பாயில் உட்கார்ந்து, பெண் வீட்டார் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு வேற பொண்ணு வேணாக்கா," என்றான் ஆதிகேசவன். குரல் அவனுடையதாகவே இல்லை. "இவளுக்கு வந்தது நோவு. மருந்து இருக்குது, மெதுவாத்தான் ஆவும். ஆவறவரைக்கும் நான் சோறு வடிச்சிக்கறேன்."

கோவிந்தம்மாள் திகைத்துப்போனாள். தம்பி எதிர்த்துப் பேசியது அவளுக்கு இதுதான் முதல் தடவை. "அப்போ அவங்களுக்கு நான் இன்னாடா சொல்றது?"

பட்டம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "மாப்பிள அவசரக்காரரு, கால் குடுன்னா ரெண்டா குடுப்பாரு, பொண்ணு தாங்காதுன்னு சொல்லிடு அண்ணி." அப்புறம் மாத்திரைக் கதையை விடாமல் சொன்னாள். நெஞ்சுக்குள் ஓடிய ரயில் காட்பாடியில்கூட நிற்கவில்லை என்றாள்.

கோவிந்தம்மாள் தம்பியை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருந்தவளுக்கு உதடு நெளிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த மாத்திரய இப்டி குடுடி, பாக்கலாம்."

பட்டம்மாள் சீசாவைத் திறந்து, கமலம் இப்போது ஏற்றிக் கொடுத்திருந்த அரை மாத்திரையை நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள். கோவிந்தம்மாள் அதை மோந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு பட்டம்மாளிடமே நீட்டி, குடிக்கத் தண்ணீர் மொண்டு வரும்படி தம்பியை விரட்டினாள்.