வடிகட்டியில் தங்கியது

அண்ணனின் இடது காலை முழங்காலோடு எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப கிளட்ச்சை எதால மிதிக்கிறது?" என்பதுதான். அவன் பஸ் டிரைவர். டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணி அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. எதற்கெடுத்தாலும் எனக்கு முதலில் வருவது அதுதான்; வீட்டில் என் பேரே பட்டாசு.

யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கியவன் மேல் வந்து மோதிய வேன்காரன் மேலா, உடைந்த எலும்புக்குள் வைத்த கம்பியின் மேலா, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடித்தனம் நடத்திய பாக்டீரியாவின் மேலா? ஆஸ்பத்திரியில் இருந்த ஆன்டிபயாடிக் அத்தனையும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அது எதற்கும் மசியவில்லை. கம்பியை மாற்றினார்கள். புதுக் கம்பியிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. சீழ் நிற்கவே இல்லை. இப்படியே விட்டால் ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைத்துவிடும் என்று டாக்டர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். என்ன வேலை என்று கேட்டால், நல்ல குடும்பத்தில் என்னைப் பெண் எடுக்க யோசிப்பார்கள். சாக்கடைத் தண்ணீரைப் பிடித்து வந்து, அதில் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் இருக்கிறதா என்று தேடுவது. அப்படி ஒரு வகை வைரஸ் உண்டு. மனுஷ உடம்பைச் சீண்டாது. தனக்கென்று உள்ள பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, உள்ளே புகுந்து, பெருகி, அதை வெடிக்கவைத்துவிட்டு வெளியே வரும். எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாவிடமிருந்து இதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே சிக்கல், பூட்டுக்குப் பூட்டு சாவி வேறு. அண்ணன் காலிலிருந்து எடுத்த பாக்டீரியாவுக்கு எங்கள் ஃப்ரீசரில் இருந்த ஒரு வைரஸும் பொருந்தவில்லை.

டாக்டர் அறைக்குப் போய் நின்றேன். புதிதாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன், அதுவரை காலைத் தொடாதீர்கள் என்றேன்.

"காய்ச்சல் ஏறாத வரைக்கும் டைம் தர்றேன். ஏறுச்சுன்னா எடுத்துடுவேன். அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது" என்றார்.

அண்ணன் படுக்கையில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "நான் ஒத்தக் கால்ல நிக்கக் கூடாதுன்னு நீ ஒத்தக் கால்ல நிக்கிறியா?"

"வாயை மூடிக்கிட்டுப் படு."

மறுநாளிலிருந்து ஊரில் நான் எட்டிப் பார்க்காத சாக்கடை இல்லை. மீன் மார்க்கெட், மாட்டுக் கொட்டகை, ஹாஸ்டல், பஸ் டிப்போ, ஆஸ்பத்திரியின் முன்பக்கம். சாயங்காலம் அண்ணியைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்துவாள். அண்ணிக்குச் சுத்தம்தான் மூச்சு. குழாயைத் திறப்பதற்கு முன்னால் குழாயைக் கழுவுகிற ரகம். "பை வெளியவே இருக்கட்டும். செருப்பும். முடிஞ்சா நீயும்" என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாளா நிஜமாகவே சொல்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவியான எங்கள் மேடமும் அதே ரகம்தான். அவருக்கு நாங்கள் வைத்த பேர் வடிகட்டி மேடம். சாக்கடைத் தண்ணீர் எதுவானாலும் இருப்பதிலேயே நுண்ணிய வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். பாக்டீரியா எல்லாம் மேலே தங்கிவிடும், அதைவிடப் பொடியான வைரஸ் கீழே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை, அண்ணனின் பாக்டீரியாவைத் தடவி வைத்த கண்ணாடித் தட்டில் சொட்டு விடுவோம். ஒரு ராத்திரியில் பாக்டீரியா வளர்ந்து தட்டு முழுக்கப் பால் கொட்டியதுபோல் மங்கிவிடும். வைரஸ் தின்ற இடம் மட்டும் பளிச்சென்று தெளிந்திருக்கும். அந்தத் தெளிவுக்காகத்தான் தினமும் காலையில் தட்டுகளை வைத்த சூட்டுப் பெட்டியைத் திறப்பேன். ஒரு தட்டிலும் ஒரு புள்ளியும் இல்லை. அத்தனையும் பால்.

ஒரு மத்தியானம் வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கையில் மூன்று பிளாஸ்டிக் பைகள், ஒன்றுக்குள் ஒன்று. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு பாட்டில். அதைத் தன் உடம்பில் படாமல் எட்டிப் பிடித்திருந்தாள்.

"என்னது அண்ணி?"

"ஆஸ்பத்திரிப் பின்பக்கச் சாக்கடை. வார்டு தண்ணியெல்லாம் அங்கதான் விழுது. நீதானே சொன்ன, நாறுற இடம்தான் நல்ல இடம்னு. அதைவிட நாறுற இடம் எனக்குக் கிடைக்கல."

"நீங்களேவா எடுத்தீங்க?"

"பின்ன, ஆள் வச்சா எடுப்பாங்க?"

மூடியைத் திறந்து முகர்ந்தேன். சாக்கடையும் சோப்பும் கலந்து அடித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சோப்பு போட்டா கழுவினீங்க? சோப்புல வைரஸ் செத்துப்போகும் அண்ணி."

"வெந்நீர் ஊத்தி நல்லா அலசினேன்." அவள் கண் கலங்கிவிட்டது. "அழுக்கு பாட்டில்ல எப்படிப் புடிக்கிறது?"

சாக்கடையைப் பிடிக்கச் சுத்தமான பாட்டில் தேடிய ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்கும். அவ்வளவு அருவருப்பையும் விழுங்கிக்கொண்டு போய் எடுத்து வந்திருக்கிறாள், நான் கத்துகிறேன். வெட்கமாக இருந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அதை வடிகட்டிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அண்ணிதான், ஆஸ்பத்திரியிலிருந்து. அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போனை வைத்தேன். வடிகட்டியின் மேல் அழுக்கு அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்க மாட்டேன் என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த வட்டத் தாளை இடுக்கியால் பிய்த்துக் குப்பையை நோக்கி வீசினேன். அது குப்பையில் விழவில்லை, பாக்டீரியா தடவி வைத்திருந்த தட்டின் நடுவில் போய் விழுந்தது. மேடம் பார்த்தால் தொலைந்தேன். எடுத்துப் போட்டிருக்கலாம். கிட என்று மூடியைப் போட்டு, மற்ற தட்டுகளோடு பெட்டிக்குள் தள்ளினேன். வேறு யார் மேல் காட்டுவது கோபத்தை?

காலையில், வடிகட்டிய தண்ணீர் விட்ட தட்டு வழக்கம்போல் பால். தாள் விழுந்த தட்டில் தாளைச் சுற்றிக் கண்ட கண்ட பாக்டீரியாவும் முளைத்துச் சகிக்க முடியாமல் இருந்தது. ஆனால் தாளின் ஓர் ஓரத்தில், நகத்தை வெட்டிப் போட்டதுபோல் ஒரு வளைவு. அந்த வளைவு மட்டும் தெளிந்திருந்தது.

மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"குப்பையில போட வேண்டியதைத் தட்டுல போட்டது யாரு?"

"நான்தான் மேடம். கோபத்துல."

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சில வைரஸ் ரொம்பப் பெருசா இருக்கும்னு படிச்சிருக்கேன். நம்ம வடிகட்டியில நுழையாத அளவுக்கு" என்றார். தட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "பொடிசை எல்லாம் பொறுக்கிட்டு, பெருசை எல்லாம் நானே குப்பைக்கு அனுப்பிட்டு இருந்திருக்கேன். எந்திரி. பெரிய கண் வடிகட்டியை எடு."

பொடியான வைரஸாக இருந்தால் தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கும்; பெரிதாக இருந்ததால்தான் தாள் அதைப் பிடித்து வைத்திருந்தது. வேறு ஏதாவது பாக்டீரியா செய்த வேலையாகவும் இருக்கலாம் என்று, அந்த ஓரத்தைச் சுரண்டி, கூட வந்த பாக்டீரியாவையெல்லாம் கொன்று, பெரிய கண்ணில் வடிகட்டினோம். பெரிய உடம்பு, மெதுவாகத்தான் நகரும் என்பதால் தட்டில் பாக்டீரியா வளர்வதற்கான ஜெல்லியையும் இளக்கமாக ஊற்றினோம். மறுநாள் பெட்டியைத் திறந்தால், பாலுக்கு நடுவே ஊசிமுனைப் புள்ளிகள். தட்டு முழுக்க. எனக்கு அழுகை வந்துவிட்டது; மேடம் என் கையிலிருந்த தட்டைத்தான் முதலில் வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

அதன் பிறகு அங்கே யாரும் வீட்டுக்குப் போனதாக ஞாபகம் இல்லை. வளர்த்தோம், கழுவினோம், அதில் பாக்டீரியாவின் விஷம் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். இப்படி ஒரு சிகிச்சைக்கு வேண்டிய அனுமதியை மேடம் முன்பே வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, விரல் நீளக் குப்பியில் தண்ணீர் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அண்ணன் முகம் வற்றிப்போயிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், ஏற்றியதும் காய்ச்சல் இன்னும் கூடலாம். அண்ணி குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கடையில இருந்ததை அவரு ரத்தத்துல ஏத்தப் போறீங்களா?" அவள் ஓர் அடி பின்னால் போனாள். "தேடுறப்போ தெரியல. இப்பப் பாத்தா பயமா இருக்கு."

வழக்கமாக இந்த இடத்தில் நான் வெடித்திருப்பேன். "எந்தச் சாக்கடைன்னு கேளுங்க அண்ணி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்க பாட்டில்ல இருந்து வந்தது. மத்த எதுலயும் கிடைக்கல."

அண்ணி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள், அதில் இன்னும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல. அண்ணன்தான் பேசினான். "எம் பொண்டாட்டி கழுவாம எதையும் உள்ள விடமாட்டா டாக்டர். தைரியமா ஏத்துங்க."

ரத்தத்திலும் ஏற்றினார்கள், காலுக்குள்ளும் விட்டார்கள். வைரஸோடு சேர்ந்தால் வேலை செய்யலாம் என்று, முன்பு பலிக்காத மருந்து ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். சாயங்காலம் அண்ணன் கட்டில் ஆட நடுங்கினான். காய்ச்சல் கூடிக்கொண்டே போனது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாக்டீரியா வெடிக்கிறதால வர்ற காய்ச்சலா இருக்கலாம். தொற்று முத்துற காய்ச்சலாவும் இருக்கலாம். நான் ரிஸ்க் எடுக்க முடியாது, தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்றேன்."

படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ. பின்னாலேயே வந்திருந்த அண்ணிதான் டாக்டரின் வழியை மறித்து நின்றாள்.

"தியேட்டர் தயாரா இருக்கட்டும் சார். காலை வரைக்கும் பாருங்க. நான் அந்தப் பின்பக்கச் சாக்கடையில கை விட்டவ. இதையும் தாங்குவேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார், கதவு வழியே அண்ணனைப் பார்த்தார். "ரத்த அழுத்தம் இறங்குனா காத்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணனின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ரத்த அழுத்தம் இறங்கவில்லை. விடியும்போது காய்ச்சல்தான் இறங்கியது.

சீழ் குறைந்தது, பிறகு நின்றது. திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். காலிலிருந்து எடுத்துத் தட்டில் தடவியதை நானே பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. சொன்னபோது அண்ணி, "நல்லதா கெட்டதா, தெளிவாச் சொல்லு" என்றாள். நல்லது என்றேன். மறுபடி சொல்லச் சொன்னாள்.

கால் மெலிந்து குச்சியாக இருந்தது, தையல் தழும்பு பார்க்கச் சகிக்காது. பிசியோதெரபிஸ்ட் வந்து, பாதத்தால் எதையாவது அழுத்திப் பழக வேண்டும் என்றார். அட்டை ஒன்றைத் தேடினார். அதற்குள் அண்ணி தன் உள்ளங்கையை அவன் பாதத்துக்கு எதிரே வைத்துவிட்டாள்.

"மிதிங்க."

அண்ணன் மிதித்தான். கை அசையவே இல்லை.

"கிளட்ச் இறங்கல. கீர் எப்படி விழும்?" என்றாள் அண்ணி.

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தான். நெற்றி வேர்த்தது. அவள் கை கொஞ்சம் பின்னால் போனது. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். வீட்டுக்குள் போனோம், என் பையும் செருப்பும் உள்ளேயே வந்தன. சாப்பிட உட்காரும் வரை அவள் அந்தக் கையைக் கழுவவில்லை.