ராமாத்தாள் பெட்டி

சரவணம்பட்டி கிருபாசங்கரை விட்டுக் கனத்த சத்தம் மொத்தமும் விலகிப்போனது போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அவர் புல்லட்டை உதைத்த நேரத்தில். வண்டி கிளம்பியது, புகை வந்தது, காதுக்கு வந்தது மட்டும் கொசு பறக்கிற சத்தம். மெக்கானிக் எடுத்து ஓட்டிப் பார்த்தார். அவர் ஓட்டினால் நாலு தெருவுக்குக் கேட்டது, கிருபாசங்கர் பக்கத்தில் வந்து நின்றதும் மறுபடி கொசு. மத்தியானத்துக்குள் அவர் குரலும் மெலிந்து போனது. இருமினால் பூனைக்குட்டி, தும்மினால் அணில். மாசியில் ஒரு நாள் திடீர் மழை வந்தபோது ஊருக்கெல்லாம் இடி இடித்தது, அவர் வீட்டுக்கு மேலே மட்டும் யாரோ பழைய வேட்டியைக் கிழித்தார்கள். காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லைதான். சத்தம் எங்கே போனது, ஏன் போனது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நல்லா வேணும் என்று சொல்லாத ஆள் எங்கள் கணபதிப் பகுதியில் ஒருத்தரும் கிடையாது.

கிருபாசங்கர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர். கல்யாணம், கோயில் நோம்பி, சர்ச் திருவிழா, எதையும் விடமாட்டார். அவரிடம் பேஸ் கிட்டார் வாசித்தவள் இங்கே டவுனுக்குள் இருக்கிற ராமநாதபுரத்து ஜெனிதா. பேஸ் சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிற அவளுடைய பெட்டிக்கு ராமாத்தாள் என்று பெயர். கணபதியில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்கிற லட்சுமணசாமி தன் அம்மா பெயரில் செய்தது. ஸ்டார்ட்டருக்குப் போடுகிற அதே தகடு, அதே தடித்த கம்பி. கிணற்று மேட்டில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற சாமான் எப்படி இருக்கணுமோ அப்படி இருந்தது, விலையோ சீமைப் பெட்டியின் கால்வாசி கூட இல்லை. எங்கள் பக்கத்தில் மில்லுக்கும் லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் ஆத்தா பேரை எழுதி, சந்தனம் வைத்து, மாலை போடுவோம். ஒருத்தருக்கும் அதில் கூச்சம் வந்ததில்லை. ஆனால் பாட்டுக்காரர்களுக்கு மட்டும், அதென்னவோ, வந்துவிடும்.

அந்தப் பெட்டி பட்ட பாடு கொஞ்சமா? வால்பாறை எஸ்டேட் சர்ச் திருவிழாவுக்குப் போகும்போது பஸ் மேலிருந்து ஒரு கொண்டை ஊசி வளைவில் உருண்டு, கீழ் ரோட்டில் போய் நின்றது. அதே பஸ் கீழே இறங்கி வந்து ஏற்றிக்கொண்டது, சாயங்காலம் பெட்டி வாசித்தது. தொண்டாமுத்தூர் கச்சேரியில் தென்னந்தோப்பு வழியாக வந்த யானை மேடைப் பக்கம் நின்று ரெண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, அதன்மேல் சாய்ந்து முதுகு சொறிந்துகொண்டு போனது. பள்ளம் விழுந்தது, சத்தம் குறையவில்லை. ஜெனரேட்டர் கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் அது பாட்டுக்கு வாசிக்கும். இத்தனைக்கும் கிருபாசங்கர் அதற்குச் செய்த மரியாதை, பித்தளைத் தகட்டில் இருந்த பெயர்மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் ஒரு சீமைக் கம்பெனி ஸ்டிக்கரையும் ஒட்டியது.

"ராமாத்தாள்னு மேடையில தெரிஞ்சா மாவு மில்லுன்னு நெனைச்சுப்போடுவாங்க கண்ணு" என்றார்.

"மாவு மில்லு பாதியில நின்னு பாத்திருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள் ஜெனிதா. அவர் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டார். எட்டு வருடம் இப்படியே ஓடியது. அவள் டேப்பை உரிப்பாள், அடுத்த கச்சேரிக்குள் அவர் ஒட்டிவிடுவார்.

தை மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய மில்காரர் வீட்டு ரிசப்ஷன். பார்க்க எடுப்பாக இருக்கணும் என்று பெங்களூரிலிருந்து வின்ஸ்டன் என்கிற பையனையும் அவனுடைய சீமைப் பெட்டியையும் வரவழைத்துக்கொண்டு, ஜெனிதாவைத் திரைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். பெட்டி மட்டும் மேடைக்கு வந்தது, வின்ஸ்டனின் காப்பித் தம்ளரை வைக்க. மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டர் ஒரு குதி குதித்தது. சீமைப் பெட்டி புகைந்து, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. தம்ளரைத் தூக்கிவிட்டு ராமாத்தாளில் ஒயரைச் சொருகினார்கள். அப்புறம் மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இலையில் பாயசம் அதிர்ந்தது, நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். யாருடைய பெட்டி இது என்று வின்ஸ்டனே வாய்விட்டுக் கேட்டான், நல்ல பையன். கிருபாசங்கர் மைக்கை வாங்கி, இந்தச் சத்தத்துக்குக் காரணம் வெளிநாட்டுத் தரம் என்று ஸ்டிக்கரில் இருந்த கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். மண்டபமே தட்டியது. திரைக்குப் பின்னால் நின்ற ஜெனிதாவுக்கு வயிறு எரிந்தது, நமக்கே இப்போது எரிகிறதே!

கச்சேரி முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினாள். "சரிங்கண்ணா. பேரு வேண்டாம்னா சத்தமும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். விடிந்ததும்தான் புல்லட்.

அவரை விட்டுப் போனதெல்லாம் ராமநாதபுரத்தில் அவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. ஒயர் சொருகாமலே காலையில் பெட்டிக்குள் புல்லட் கிளம்பும். மத்தியானம் கிருபாசங்கரின் குறட்டை வரும், ஷெல்பில் தட்டுகள் நடுங்கும். மாசி மழையின் இடி உள்ளே புரண்டுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் முதலில் திட்டினார்கள், விஷயம் தெரிந்ததும் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஜெனிதா துணி மடித்துக்கொண்டே அந்தக் குறட்டையைக் கேட்பாள். அவளுக்கு அதைப்போல இனித்த பாட்டு வேறெதுவும் இல்லை என்று அவளே சொன்னாள். கிருபாசங்கரின் ஆர்க்கெஸ்ட்ரா பங்குனியோடு படுத்துவிட்டது. அவர் நிற்கிற மேடையில் தபேலா தகர டப்பாவானால் யார் கூப்பிடுவார்கள்?

அதோடு விட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். ஆனால் ஆவணியில் மகள் ஷ்ரவ்யாவுக்குக் கல்யாணம். உப்பு சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்த அன்றைக்கே, அவர் பக்கத்தில் நின்று அடித்த தவில் ஊதுபத்தி டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. சென்னிமலையில் ஜமக்காளம் ஏற்றுமதி செய்கிற சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். கெட்டிமேளம் கேட்காமல் தாலி ஏறினால் அதைக் கல்யாணமாகவே கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா அழகிரிசாமி சொல்லிவிட்டார். கிருபாசங்கர் ராமநாதபுரத்துக்குப் போனார். மத்தியானம். கதவைத் தட்டினால் உள்ளே அவரே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எம்புள்ளைக்காகக் கேக்கறேன் அம்மணி, குடுத்துப்போடு" என்றார், அந்த அணில் குரலில்.

ஜெனிதா டீ போட்டுக் கொடுத்தாள். பெட்டி மணமேடையில் இருக்கணும், ஸ்டிக்கரையும் டேப்பையும் அவர் கையாலேயே உரிக்கணும், பெயரை மைக்கில் சொல்லணும், அவ்வளவுதான் என்றாள். அவர் முருகன் மேல் சத்தியம் செய்தார்.

உரிக்கவும் செய்தார், பொய் சொல்லக்கூடாது. முகூர்த்தத்தன்று விடிகாலையில் உரித்து, பித்தளையைத் துண்டால் துடைத்தார். அப்புறம் சம்பந்தி வீட்டுக் கார்கள் வரிசையாக உள்ளே நுழைவதைப் பார்த்தார். அந்த மனுசனின் புத்தி எங்கே போகும்? செவ்வந்திச் சரம் ஒன்றை எடுத்துப் பெயர்மேல் தொங்கவிட்டு, "அலங்காரமுங்க" என்றார். மைக்கில், எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா பெட்டி என்று மட்டும் சொன்னார். பெட்டியருகே கிட்டாரோடு நின்ற ஜெனிதா பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டாரின் நரம்புமேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

கல்யாணத்தை நடத்துகிற அருமைக்காரர் கையைத் தூக்கினார். தவில்காரர் தோள் நோக அடித்தும் டிக் டிக் என்றது. மாப்பிள்ளை தாலியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். "ஆர்க்கெஸ்ட்ராக்காரன் ஊட்டுல பொண்ணெடுக்க வேண்டாம்னு அப்பவே சொன்னனுங்க" என்று அழகிரிசாமி முணுமுணுத்தது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஷ்ரவ்யா எழுந்தாள். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் செவ்வந்திச் சரத்தை இழுத்து எறிந்தாள். மைக்கை அப்பன் கையிலிருந்து வாங்கினாள். "இது ராமாத்தாளுங்க. நம்ம கணபதியில செஞ்சது. எட்டு வருசமா எங்கப்பாவுக்குச் சோறு போட்டது இதுதானுங்க, வாசிச்சது இந்த ஜெனிதாக்கா. எங்கப்பாதான் மறைச்சு வெச்சுப்போட்டாரு" என்றாள்.

ஜெனிதா கையை எடுத்து, அடி நரம்பை ஒரு தட்டுத் தட்டினாள். தவிலுக்கு உயிர் வந்தது. மண்டபத்துத் தூண்கள் அதிர, குழந்தைகள் அலற, அழகிரிசாமியின் மூக்குக்கண்ணாடி நழுவ, தாலி ஏறியது. பெயரைச் சொன்னவளுக்குச் சத்தம் கிடைத்தது. சொல்லாதவர் மணமேடை ஓரத்தில் நின்றார். தன் மகளின் கெட்டிமேளத்தில் அவருக்குக் கேட்டது ஊதுபத்தி டப்பா மட்டும்தான். அழுதார், அதுவும் வெளியே கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும், ஜெனிதா சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்குள் கிருபாசங்கர் பஸ்ஸில் வந்து காத்திருக்கிறார். பெட்டிக்கு எதிரில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவள் பித்தளையைத் துடைத்துவிட்டு அவரைப் பார்ப்பாள். அவர் அணில் குரலில் ராமாத்தாள் என்று படிப்பார். சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள். அப்புறம் புல்லட் ஓடும், மாசி இடி புரளும், கடைசியில் ஷ்ரவ்யாவின் கெட்டிமேளம் வரும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். எப்போது கண்ணு திருப்பித் தருவாய் என்று கேட்டால், "அடுத்த வாரம் பாக்கலாமுங்கண்ணா" என்று அவர் குடித்த டீத் தம்ளரை வாங்கிக்கொள்வாள். மற்ற நாட்களில் மத்தியானம் அந்த வீட்டிலிருந்து குறட்டை வந்தால், அண்ணன் தூங்குகிறார் என்று தெருக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார்கள்.