கருகிய வயலில் வைக்காத அரிவாள்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். வயலில் இறங்கிப் பாடுபட்டவர்களே சொல்லியிருக்க வேண்டியது இது. சொல்லும் முறையில் பிழை இருப்பின் அது என்னுடையது, சோணையம்மாளுடையது அன்று.

திருவாதவூரில் சோணையம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் வயல். அதை ஒட்டியே அவளுடைய தம்பி அருள்பாண்டியின் வயல். தகப்பனார் காலமான பின் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்களே தவிர, பட்டா இன்னும் கூட்டாகவே கிடந்தது. இரண்டு வயலுக்கும் ஒரே சர்வே எண். அவனிடம் போர்வெல் இருந்தது. அவளுக்குக் கண்மாய்த் தண்ணீர்தான்.

அந்தப் புரட்டாசியில் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. உளுந்து போட்டுவிடலாம் என்று அவள் கணவன் தவசி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அருள்பாண்டி வந்தான்.

"நெல்லப் போடுக்கா. இன்சூரன்சு கட்டிருவோம். வெளைஞ்சா நெல்லு, வெளையலைன்னா காசு. எப்படி விழுந்தாலும் நமக்குத்தான்."

"மாப்ள, எல்லாரும் வானத்தப் பாத்து வெதைப்பாக. நீ ஆபீசப் பாத்து வெதைக்கச் சொல்ற" என்றான் தவசி.

"மச்சானுக்கு எதுலயும் சந்தேகந்தான். பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கக்காள ரெண்டு தடவ பாத்துட்டுப் போன ஆளு!"

சோணையம்மாள் சிரித்துவிட்டாள். தம்பி சொன்னபடியே நெல் விதைத்து, இன்சூரன்சும் கட்டினாள். இளைய மகள் பவதாரிணியை அவன் மடியில் வைத்துக் காது குத்துவதற்கு அந்த விளைச்சலைத்தான் நம்பியிருந்தாள்.

மழை ஏமாற்றியது. மார்கழியில் கதிர் வெளியே வந்தது, பால் பிடிக்கவில்லை. பதராகவே நின்று பயிர் கருகியது. வரப்புக்கு அப்பால் தம்பியின் வயல் மட்டும் கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது.

தை மாதம் சோதனை அறுவடைக்கு ஆட்கள் வந்தார்கள். ஊருக்குள் சில வயல்களில் மட்டும் சிறு சதுரம் அளந்து, கதிரறுத்து, நெல்லை எடை போடுவார்கள். அந்தச் சராசரியை வைத்தே ஊர் முழுவதற்கும் இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாகும். தெரிவான சர்வே எண்களில் இவர்களுடையதும் ஒன்று. எந்தப் பக்கம் அளப்பது என்று வந்தவர் கேட்டார்.

சோணையம்மாள் தன் வயலைக் காட்டக் கை எடுத்தாள். அருள்பாண்டி அவளைத் தனியே அழைத்தான்.

"யக்கா, தை பொறந்து மொத அரிவாளக் கருகுன வயல்லயா வைக்கிறது? புள்ளைக்குக் காதுகுத்து வச்சிருக்க. எம் பக்கம் அறுக்கட்டும். ஒன் வயலு கருகுனது ஊருக்கே தெரியும், எழுதிக்கிருவாக."

முதல் அரிவாள் நிறைகதிரில்தான் விழ வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தகப்பனார் ஒரு வருடமும் அதை மீறியதில்லை. அவளே தம்பியின் வரப்பில் சூடம் ஏற்றி, வந்தவர்கள் கையில் அரிவாளை எடுத்துக் கொடுத்தாள்.

ஆடியில் பக்கத்து ஊர்களுக்குப் பணம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, தல்லாகுளத்தில் இருந்த இன்சூரன்சு அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினாள். அங்கே எழுத்தர் டயானா கணினியைப் பார்த்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"உங்க ஊருக்கு இழப்பீடு இல்லம்மா. மத்த வயல்ல எல்லாம் விளைச்சல் குறைச்சல்தான். ஒரே ஒரு நம்பர்ல மட்டும் அமோகம். அது சராசரியத் தூக்கிவிட்டுருச்சு."

"எந்த நம்பரு தாயி?"

"உங்க நம்பர்தாம்மா."

திரும்பி வரும்போதுகூடத் தம்பியின்மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவனும் தெரியாமல்தான் செய்திருப்பான் என்றே எண்ணினாள். வயலருகே வந்தபோது அவன் தன் வரப்பில் ஒரு புதுப் பலகையை நட்டுக்கொண்டிருந்தான். மேலே ஒரு விதைக் கம்பெனியின் பெயர், நடுவில் 'விதைப்பண்ணை', கீழே அவன் பெயர்.

"சோதனை அறுப்புல எம்புட்டு வெளைஞ்சுச்சுன்னு எழுதிட்டுப் போனாகல்ல? அதப் பாத்துத்தான்க்கா கம்பெனிக்காரக எனக்கு விதைப்பண்ணை குடுத்தாக."

"சராசரி ஏறுனா எனக்கு வராதுன்னு ஒனக்கு அப்பவே தெரியுமாடா?"

அவன் பலகையின் காலை மண்ணில் அழுத்தினான். "இன்சூரன்சு வந்தாத்தான் உண்டு. இது கையில நிக்கிற சோலிக்கா."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

அவள் அதற்குமேல் நிற்கவில்லை.

சோணையம்மாள் இழந்தவை இவை: ஒன்றரை ஏக்கர் நெல். அதற்குப் போட்ட விதையும் எருவும். விதைக்காமல் விட்ட உளுந்து. அவளுக்கும் ஊராருக்கும் வந்திருக்க வேண்டிய இழப்பீடு. பவதாரிணியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி.